எண்கள்ல ஒரு பேட்டர்ன் கண்டுபிடிச்சுட்டீங்களா? யாருக்கும் மெயில் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

நான் கரூர்ல ஒரு ஜவுளி கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். படிச்சது பி.காம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் ராத்திரி கால்குலேட்டரை வச்சு சும்மா தட்டிட்டு இருந்தப்போ ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. ஒரு எண்ணை எடுத்துக்கோங்க, 2-ஐ அத்தனை தடவை பெருக்கி, வர்றதுல 2 கழிங்க, அது அந்த எண்ணால மீதி இல்லாம வகுபட்டா அந்த எண் பகா எண். 3-க்கு 8−2=6, வகுபடுது. 5-க்கு 30, வகுபடுது. 7-க்கு 126, அதுவும் 18×7. ஆனா 4-க்கு 14, வகுபடல. 6-க்கு 62, வகுபடல. 9-க்கு 510, வகுபடல. அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல. பகா எண்ணைக் கண்டுபிடிக்க புது வழி கண்டுபிடிச்சுட்டேன்னு முடிவே பண்ணிட்டேன்.

அடுத்த மூணு மாசத்துல 14 பேராசிரியருங்களுக்கு மெயில் போட்டேன், ஒரு டுபாக்கூர் ஜர்னலுக்கு 4,500 ரூபாய் கட்டினேன், பேட்டன்ட் எடுக்கலாமான்னு ஒரு ஏஜென்ட்கிட்ட போய் உக்காந்தேன். கடைசியில ஒரே ஒரு பேராசிரியர் மட்டும் ஒரு வரியில பதில் போட்டாரு: "341 போட்டுப் பாருங்க." அவ்வளவுதான். போட்டுப் பாத்தேன். புட்டுக்கிச்சு.

நான் பட்டது நீங்களும் பட வேண்டாம்னுதான் இதை எழுதுறேன். மனசுல ஒண்ணு பளிச்சுன்னு தோணுறதுக்கும் அதை லாஜிக்கா நிரூபிக்கிறதுக்கும் நடுவுல என்னென்ன வேலை இருக்கு, எதுக்கு எவ்வளவு நாள் ஆகும், எங்க காசு போகும்னு வரிசையா சொல்றேன்.

1. தோணினதை தேதி போட்டு நோட்டுல எழுதுங்க

முதல் டாக்குமென்ட் இதுதான். ஒரு லாங் சைஸ் நோட்டு போதும், ஸ்பைரல் வேண்டாம், பக்கம் கிழிக்கத் தோணும். வலது பக்கம் தோணினது, இடது பக்கம் "ஏன் அப்படித் தோணுச்சு". எந்தெந்த எண்ணைப் பாத்துட்டு இந்த நினைப்பு வந்துச்சுன்னு எழுதி வைக்கணும், ஏன்னா ஒரு மாசம் கழிச்சு அது எப்படி வந்துச்சுன்னே மறந்துடும், அதுக்குள்ள அது என்னமோ வானத்துல இருந்து இறங்கின மாதிரி ஆயிடும்.

இந்த இடத்துல எல்லாரும் ராமானுஜனை இழுப்பாங்க. நானும் இழுத்தேன், நானும் அக்கவுண்ட்ஸ் அவரும் மெட்ராஸ் போர்ட் ட்ரஸ்ட்ல அக்கவுண்ட்ஸ் கிளார்க்குன்னு. அவரு நிரூபணம் இல்லாம நோட்டுல விடை மட்டும் எழுதி வச்சதை ஒவ்வொண்ணா நிரூபிச்சு புரூஸ் பெர்ன்ட்னு ஒரு அமெரிக்க கணிதவியலாளர் அஞ்சு பாகமா கொண்டுவர 1985-ல இருந்து 1998 வரைக்கும் ஆச்சு. நம்ம நோட்டுக்கு அப்படி ஒரு ஆள் வர மாட்டாரு. இன்னொண்ணு, 1913-ல இங்கிலாந்து கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினப்போ பகா எண்கள் பத்தி ராமானுஜன் சொன்னதுல தப்பு இருந்துச்சு. அவரு உள்மனசே அந்த ஏரியாவுல சறுக்கியிருக்கு, என்னோடது எம்மாத்திரம்.

2. ஒரே வரியில எழுதுங்க, அப்புறம் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க

இதை நான் செஞ்சிருந்தா மத்த எதுக்கும் அவசியமே வந்திருக்காது. நம்ம உள்மனசுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு, ரெண்டு வாக்கியத்தை ஒண்ணா ஒட்டிடும்.

முதல் வாக்கியம்: ஒரு எண் பகா எண்ணா இருந்தா அது 2^ந − 2-ஐ வகுக்கும் (இங்க ந-ங்கிறது நம்ம எண், 2^ந-ன்னா 2-ஐ ந தடவை பெருக்கினது).

ரெண்டாவது வாக்கியம்: ஒரு எண் 2^ந − 2-ஐ வகுத்தா அது பகா எண்.

படிக்கும்போது ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் கேக்கும். தீபாவளின்னா பட்டாசு வெடிக்கும், சரி. பட்டாசு வெடிச்சா தீபாவளியா? இந்தியா மேட்ச் ஜெயிச்சிருக்கலாம், தெருவுல ஒரு சாவு எடுப்பு போகலாம். முதல் வாக்கியம் உண்மை, ஃபெர்மான்னு ஒரு பிரெஞ்சு கணிதவியலாளர் 1640-லயே சொல்லிட்டாரு. நான் புதுசுன்னு நினைச்சது ரெண்டாவது வாக்கியத்தை, அதுதான் பொய்.

அதனால உங்க ஐடியாவை "இப்படி இருந்தா அப்படி"ன்னு ஒரு வரியில எழுதுங்க. அடியிலயே "அப்படி இருந்தா இப்படி"ன்னு எழுதுங்க. நீங்க சொல்ல வர்றது எது, சோதிச்சது எதுன்னு டிக் போடுங்க. "பெரும்பாலும்", "பொதுவா"ன்னு ஒரு வார்த்தை வந்தா இன்னும் வரி ரெடியாகலைன்னு அர்த்தம். இதுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க, செலவு டீ மட்டும்தான்.

3. உடைக்கப் பாருங்க, நேரம் நிறைய ஒதுக்குங்க

300 வரைக்கும் செக் பண்ணினேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். 300-க்குள்ள 62 பகா எண் இருக்கு, அந்த 62-ஐயும் ஒண்ணு விடாம போட்டு ஒவ்வொரு தடவையும் வகுபடும்போது ஒரு சந்தோஷம். ஆனா அது எல்லாமே முதல் வாக்கியத்தைத்தான் சோதிக்குது! ரெண்டாவது வாக்கியம் பொய்யா இருந்தா அது பகு எண்கள்ல இருந்துதான் தெரியவரும், அந்தப் பக்கம் நான் நாலஞ்சு போட்டுட்டு விட்டுட்டேன். ஆமான்னு சொல்ற கதவையே தட்டிட்டு இருந்திருக்கேன்.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 1960-ல பீட்டர் வேசன்னு ஒரு உளவியலாளர் ஆளுங்களைக் கூப்பிட்டு 2, 4, 6-னு மூணு எண் கொடுத்து, இதுக்குப் பின்னாடி ஒரு விதி இருக்கு, நீங்களும் மூணு மூணா சொல்லுங்க, விதிக்கு ஒத்து வருதா இல்லையான்னு சொல்றேன்னாரு. ஜனங்க 8, 10, 12-னு போவாங்க, சரின்னு வரும். 20, 22, 24, சரி. ரெண்டு ரெண்டா கூடுதுன்னு முடிவு கட்டிடுவாங்க. உண்மையான விதி ஏறுவரிசையில இருக்கணும், அவ்வளவுதான். 1, 2, 50-னு ஒரு தடவை சொல்லியிருந்தாலே தெரிஞ்சிருக்கும், ஆனா தன் நினைப்பைப் பொய்யாக்குற மாதிரி ஒரு கேள்வி கேக்க நிறைய பேருக்கு வரல.

சரி, எப்படி உடைக்கிறது? எக்செல்ல செய்யலாம், ஆனா ஒரு பொறி இருக்கு. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல துல்லியமா வச்சுக்காது. 2^50-க்கே 16 இலக்கம் வந்துடும், அதுக்கு மேல போய் 2 கழிச்சு வகுத்தா வர்ற விடையை நம்பவே முடியாது. முழு எண்ணையும் கட்டிக்கிட்டு அழாதீங்க, ஒவ்வொரு படியிலயும் மீதியை மட்டும் வச்சுக்கோங்க. முதல் செல்லுல 2. அடுத்த செல்லுல மேல இருக்கிறதை இரட்டிப்பாக்கி, நம்ம எண்ணைத் தாண்டிட்டா அந்த எண்ணைக் கழிச்சிடுங்க. இழுத்து விடுங்க.

341-க்கு நான் இழுத்தப்போ என்ன வந்துச்சுன்னா: 2, 4, 8, 16, 32, 64, 128, 256, அடுத்து 512-ல 341 போக 171, அடுத்து 342-ல 341 போக 1. பத்தாவது ரோவுல 1 வந்து நிக்குது. அதுக்கப்புறம் திரும்ப 2, 4, 8-னு அதே பத்து பத்தா சுத்துது. 340-வது ரோவும் 1, அப்போ 341-வது ரோ 2. அந்த 2-ஐக் கழிச்சா மீதி சைபர். வகுபடுது! ஆனா 341 = 11 × 31, பகா எண்ணே கிடையாது. ராத்திரி பதினொண்ணரை மணிக்கு அந்த பத்தாவது ரோவைப் பாத்துட்டு உக்காந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

300 வரைக்கும் சரியா வந்துச்சே, அது போதாதான்னு கேக்குறவங்களுக்கு மூணு உதாரணம் சொல்றேன், சுவத்துல ஒட்டி வச்சுக்கலாம். வட்டத்து மேல புள்ளி வச்சு எல்லாத்தையும் கோட்டால இணைச்சா கிடைக்கிற அதிகபட்ச துண்டுகள் 1, 2, 4, 8, 16-னு போகும், அடுத்து 32-னு கண்ணை மூடிட்டு எழுதுவோம், வர்றது 31. ஒரு எண்ணோட வர்க்கத்தோட அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டினா 0-ல இருந்து 39 வரைக்கும் நாப்பது தடவையும் பகா எண், 40-ல 1681, அது 41×41. இதெல்லாம் கூட சின்னது. போல்யான்னு ஒரு பெரிய கணிதவியலாளர் 1919-ல சொன்ன ஒரு ஊகம் 1958-ல பொய்னு நிரூபணமாச்சு, அது முதல்ல உடையுற இடம் 906,150,257. தொண்ணூறு கோடியைத் தாண்டி! கையால செக் பண்ணி உடைக்கணும்னா ஜென்மம் போதாது.

எதைப் போட்டு உடைக்கிறதுன்னா: 0, 1, 2 மாதிரி ஓரத்துல இருக்கிறது, வர்க்க எண்கள், ரெண்டு பகா எண்ணைப் பெருக்கினது, ரொம்பப் பெருசு ஒண்ணு. பாரி ஜிபி-னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, எவ்வளவு பெரிய முழு எண்ணையும் துல்லியமா தாங்கும், பைத்தானும் தாங்கும். கத்துக்க எனக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு. உடைக்கிற வேலைக்கு மொத்தமா ரெண்டு வாரமாவது வைங்க.

4. ஏற்கனவே யாராவது சொல்லிட்டாங்களான்னு பாருங்க

ஓஇஐஎஸ்-னு எண் வரிசைகளுக்கு ஒரு கலைக்களஞ்சியம் இணையத்துல இருக்கு, நீல் ஸ்லோன் 1964-ல சேகரிக்க ஆரம்பிச்சது, இப்போ மூணரை லட்சம் வரிசைக்கு மேல இருக்கு. உங்க எண்களை கமா போட்டு அடிச்சா போதும். பைசா செலவில்லை, பத்து செகண்ட். இந்த பத்து செகண்டை நான் மூணு மாசம் கழிச்சுதான் செலவு பண்ணினேன்.

341, 561, 645-னு அடிச்சேன். போலிப் பகா எண்கள்னு, அதாவது பகா எண்ணா இல்லாமலே என் சோதனையில பாஸ் ஆகிற எண்கள்னு, ஒரு பெரிய குடும்பமே வந்து நின்னுச்சு. 1000-க்குள்ள பகா எண் 168, இந்தப் போலிகள் வெறும் மூணுதான், அதனாலதான் நான் ஏமாந்தேன்னு கொஞ்சம் ஆறுதல். அதே லிஸ்ட்ல கீழ 1729-ம் இருக்கு, ராமானுஜன் டாக்சி நம்பர். அதுவும் போலிதான், 7×13×19.

தேடும்போது ஒரு பொறி: உங்க வார்த்தையில தேடினா கிடைக்காது, அந்தத் துறைக்காரங்க அதுக்கு வேற பேரு வச்சிருப்பாங்க. அதனால முதல்ல எண்ணை வச்சுத் தேடுங்க, பேரு கிடைச்சதும் பேரை வச்சுத் தேடுங்க.

5. நிரூபணம் பாதியில முட்டி நின்னா கொஞ்ச நாள் தள்ளி வைங்க

இது ஒரு படியான்னு சிரிக்காதீங்க. பாங்கரேன்னு ஒரு பிரெஞ்சு கணிதவியலாளர் ஒரு கணக்கோட வாரக்கணக்கா மல்லுக்கட்டிட்டு, பயணம் போன இடத்துல கூட்டான்ஸ்னு ஒரு ஊர்ல பஸ் படியில கால் வைக்கும்போது விடை தோணுச்சுன்னு அவரே எழுதியிருக்காரு. ஆனா எல்லாரும் பஸ்ஸை மட்டும்தான் ஞாபகம் வச்சுக்கிறாங்க. முன்னாடி உக்காந்து மண்டையை உடைச்சுக்கிட்டதும், அப்புறம் வீட்டுக்குப் போய் நிதானமா சரிபார்த்ததும் அதே கதையிலதான் இருக்கு. மண்டையை உடைச்சுக்காம நம்ம டவுன் பஸ்ல எத்தனை தடவை ஏறினாலும் கண்டக்டர் சில்லறை கேப்பாரு, அவ்வளவுதான்.

எனக்கு ரெண்டாவது ஐடியா வந்தது ஒரு 20-ம் தேதி, கம்பெனியோட மாசாந்திர வரிக் கணக்கு ஜிஎஸ்டி 3பி ஃபைல் பண்ணிட்டு சேர்ல சாஞ்சப்போ. ஒரு மாசமா அந்தப் போலிகள் லிஸ்ட்டையே பாத்துட்டு இருந்தேன், அதுல 2047-னு ஒண்ணு. 2048-க்கு ஒண்ணு கம்மி. அதாவது 2^11 − 1. அது 23×89. போலியை இதே மாதிரி 2-க்கு மேல அடுக்கா தூக்கி வச்சு 1 கழிச்சா இன்னொரு போலி கிடைக்குமோ? அப்படின்னா போலிகளுக்கு முடிவே கிடையாதே! இந்தத் தடவை மெயில் போடல. நோட்டுல தேதி போட்டேன்.

6. நிரூபணத்தை ஒவ்வொரு வரிக்கும் காரணத்தோட எழுதுங்க

நடுவுல கோடு போட்டு பக்கத்தை ரெண்டா பிரிங்க. இடதுல வரி, வலதுல சிவப்பு மையில "ஏன்". வலது பக்கம் காலியா இருக்கிற வரிதான் உங்க உள்மனசு லாஜிக் வேஷம் போட்டுட்டு உக்காந்திருக்கிற இடம். "தெளிவாவே தெரியுது"ன்னு நான் எழுதின மூணு இடத்துல ரெண்டு தப்பு இருந்துச்சு.

என்னோட ரெண்டாவது ஐடியா கடைசியில இவ்வளவுதான் ஆச்சு. ந ஒரு போலி, அதனால 2^ந − 2 அப்படிங்கிறது ந-வோட மடங்கு, க × ந-னு வச்சுக்குவோம். புது எண் ம = 2^ந − 1. இதுல 1 கழிச்சா 2^ந − 2, அதாவது அதே க × ந. இப்போ 999999 எப்பவும் 999-ஆல வகுபடும் இல்லையா, மூணு ஒன்பது ரெண்டு தடவை அடுக்கினதுதானே அது (999-ன்னா 10^3 − 1, 999999-ன்னா 10^6 − 1). அதே மாதிரிதான் 2^(க×ந) − 1 அப்படிங்கிறது 2^ந − 1-ஆல வகுபடும். அந்த 2^ந − 1 தான் நம்ம ம. ஆக 2^(ம−1) − 1 ம-வால வகுபடுது, அதை ரெண்டால பெருக்கினா 2^ம − 2-ம் வகுபடுது. ம பகு எண்தானான்னு ஒரு கேள்வி பாக்கி. ந-வை ரெண்டா உடைக்க முடியும்னா அதே ஒன்பது அடுக்குற கதைதான், 2^341 − 1-ஐ 2^11 − 1, அதாவது 2047 வகுக்கும். முடிஞ்சுது. 341-ல இருந்து 103 இலக்கத்துல அடுத்த போலி, அதுல இருந்து இன்னொண்ணு, நிக்கவே நிக்காது.

அஞ்சு வரிதான், எனக்கு நாலு மாசம் ஆச்சு. அந்த 999999 மட்டும் ரெண்டாவது மாசத்துல வந்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும், ஆனா அது வந்ததும் லாஜிக்ல இல்லை, ஒரு பில் புக்ல வரிசையா ஒன்பது பாத்ததுல. அப்புறம் தேடினா, 1903-லயே மாலோன்னு ஒருத்தர் இதைச் செஞ்சு வச்சிருக்காரு. இந்தத் தடவை வருத்தமே வரல, ஏன்னா நிரூபணம் நானே போட்டது, ஓட்டையும் இல்லை.

7. படிச்சுப் பாக்க ஒரு ஆள் பிடிங்க

பக்கத்துல இருக்கிற கல்லூரி கணிதத் துறைக்கு நேர்ல போங்க, மெயிலை விட இது நூறு மடங்கு மேல். பேப்பர் திருத்துற சீசன்ல போகாதீங்க, ஏப்ரல்-மே, நவம்பர்-டிசம்பர் ரெண்டும் வேண்டாம். கொண்டு போக வேண்டியது: ஒரு பக்கத்துல ஊகம், ஒரு பக்கத்துல சோதிச்ச அட்டவணை (உடைஞ்சதும் சேத்து), ரெண்டு பக்கத்துக்கு மேல போகாம நிரூபணம். நான் அனுப்பின மெயில்ல 38 பக்க அட்டாச்மென்ட், சப்ஜெக்ட்ல "புரட்சி"ன்னு ஒரு வார்த்தை. பதில் போட்ட அந்த ஒருத்தரு மகான்.

ஏஐ சாட்பாட்கிட்ட கேக்கலாமான்னா கேளுங்க, ஆனா "என் நிரூபணம் எப்படி இருக்கு"ன்னு கேக்காதீங்க, அருமைன்னு சொல்லும். என் முதல் ஐடியாவையே அருமைன்னுச்சு. "இதுல தப்பு இருக்கு, எந்த வரின்னு சொல்லு"ன்னு கேளுங்க, அது காட்டுற வரியையும் நீங்களே சரிபாருங்க.

8. வெளியிடுறது, செலவு, நாள்

பேட்டன்ட் பக்கம் போகவே போகாதீங்க. இந்திய பேட்டன்ட் சட்டம் மூணாவது பிரிவுல கே (k)-ங்கிற உட்பிரிவு, கணித முறைக்கு பேட்டன்ட் கிடையாதுன்னு நேராவே சொல்லுது. நான் பாத்த ஏஜென்ட் இதைச் சொல்லாம கன்சல்டேஷன் 1,000 ரூபாய் வாங்கிட்டாரு. காப்பிரைட் பதிவு பண்ணினாலும் நீங்க எழுதின எழுத்துக்குத்தான் பாதுகாப்பு, உள்ள இருக்கிற ஐடியாவுக்கு இல்லை.

"48 மணி நேரத்துல ஏத்துக்கிறோம், ப்ராசஸிங் ஃபீஸ் கட்டுங்க"ன்னு மெயில் வந்தா ஸ்பேம்ல போடுங்க. எனக்கு ஏத்துக்கிட்டோம்னு சர்டிபிகேட்டே அனுப்பினாங்க, பொய்யான முடிவுக்கு! கணித ஜர்னல்ல ஒழுங்கா படிச்சுப் பாத்து பதில் சொல்ல ஆறு மாசம், சமயத்துல ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகும். அந்தத் தாமதமே நல்ல அறிகுறின்னு எடுத்துக்கோங்க.

ஆர்க்கைவ்னு (arXiv) ஆய்வுக் கட்டுரைகளைப் போட்டு வைக்கிற ஒரு இணையதளம் இருக்கு, அதுல போட காசு இல்லை, ஆனா முதல் தடவை போடுறவங்களுக்கு அந்தத் துறையில ஏற்கனவே போட்ட ஒருத்தர் பரிந்துரை வேணும். ஏழாவது படியில ஆள் பிடிச்சிருந்தா அவரையே கேக்கலாம், முன்பின் தெரியாதவங்ககிட்ட பரிந்துரை கேட்டு மெயில் போடாதீங்க. டைப் பண்றது லேட்டெக்ல (கணக்குக் குறியீடெல்லாம் ஒழுங்கா வர்ற சாஃப்ட்வேர்), அதை இணையத்துலயே டைப் பண்ண ஓவர்லீஃப்ல இலவச கணக்கே போதும், பழக ஒரு வாரம். புது எண் வரிசையா இருந்தா ஓஇஐஎஸ்-லயே கணக்கு தொடங்கி இலவசமா சமர்ப்பிக்கலாம், தன்னார்வலருங்க திருத்துவாங்க, கறாரா பேசுவாங்க, கோச்சுக்காதீங்க.

என் கணக்கு: முதல் ஐடியாவுக்கு ஜர்னல் 4,500, ஏஜென்ட் 1,000, 38 பக்கம் கலர் பிரின்ட் மூணு செட் 1,140, மொத்தம் 6,640 ரூபாய், மூணு மாசம், விடை தப்பு. ரெண்டாவது ஐடியாவுக்கு நோட்டு 80, சிவப்புப் பேனா 10, கல்லூரிக்கு ரெண்டு தடவை பஸ் 56, மொத்தம் 146 ரூபாய், ஆறு மாசம், விடை சரி, ஆனா 1903.

மூணாவது ஒண்ணு இப்போ நோட்டுல 31-வது பக்கத்துல கிடக்கு. திருப்பிப் போட்டு எழுதியாச்சு, பத்து லட்சம் வரைக்கும் உடைக்கப் பாத்தாச்சு, இன்னும் உடையல. என்னன்னு யாருக்கும் சொல்லல. இந்த மாசம் 20-ம் தேதி முடியட்டும்.